எண்ணெய் ஆறுவதற்குள்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆம்பூர் சர்வீஸ் ரோட்டில் ஆள் நடமாட்டமே இருக்காது. டயர்க் கடை, வெல்டிங் பட்டறை, பேட்டரிக் கடை என்று எல்லா ஷட்டரும் இறங்கிக் கிடக்கும். தோல் பதனிடும் டேனரிகளில் டிரம் சுற்றும் சத்தம் நின்றிருக்கும். தோல் வாசனைக்கு மட்டும் லீவு கிடையாது. அன்று அந்த வரிசையில் திறந்திருந்தது சாமுவேலின் ஷெட் ஒன்றுதான்.

சாமுவேல் எல்லா ஞாயிறும் ஷெட்டைத் திறந்துவிடுவார். வேலை இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. மனைவி ஹெலன் மஸ்கட்டில் நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவாள். பிள்ளைகள் இல்லை. காலையில் முதல் ஆராதனைக்குப் போய்விட்டு, சர்ச் வாசல் கடையில் டீ குடித்துவிட்டு நேராக ஷெட்டுக்கு வந்துவிடுவார். முன்பெல்லாம் இரண்டாவது ஆராதனைக்குத்தான் போவார். தம்பி பிரேம்நாத் அதற்கு வருகிறான் என்பதால் முதலாவதற்கு மாறிக்கொண்டு நாலு வருஷமாகிறது.

இந்த ஞாயிறு உண்மையாகவே வேலை இருந்தது. முக்தார் அகமதுவின் வேன் ஷெட்டுக்குள் நின்றது. பேரணாம்பட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஷூ கம்பெனிக்கு ஓடுகிற வேன். திங்கள் காலை அது ரோட்டில் இருந்தாக வேண்டும். பத்து நாளாக அதன் பவர் ஸ்டியரிங் படுத்திக்கொண்டிருந்தது. நேர் ரோட்டில் ஒழுங்காகப் போகும். கம்பெனி கேட்டில் மெதுவாக வளைக்கும்போது மட்டும் திடீரென்று கல்லாக இறுகிக்கொள்ளும். ஒரு மெக்கானிக் பம்ப் போய்விட்டது என்றார். இன்னொருவர் ஸ்டியரிங் பாக்ஸையே மாற்ற வேண்டும் என்றார்.

"ரெண்டு பேரும் ரெண்டு சொல்றாங்க. நீ ஒண்ணு சொல்லு சாமு" என்று சனிக்கிழமை சாயங்காலம் முக்தார் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"வாயால சொல்ற விஷயம் இல்ல பாய். பிரஷர் வெச்சிப் பாக்கணும். பம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவுல கேஜ் மாட்டி, எண்ணெய் எவ்ளோ அழுத்தத்துல போகுதுன்னு பாத்தா தெரிஞ்சிடும்."

"பாரேன்."

"கேஜ் மட்டும்தான் எங்கிட்ட இருக்குது."

முக்தாருக்கு விஷயம் தெரியும். ஊருக்கே தெரியும். அப்பா இறந்த பிறகு அண்ணன் தம்பி இருவரும் ஷெட்டைப் பிரித்துக்கொண்டபோது, பாகம் பிரிக்க வந்தவர் ஜோலார்பேட்டை தாய்மாமா. ரயில்வேயில் இருந்து ரிட்டயரானவர். எதிலும் சரிபாதி பார்ப்பவர். ஸ்பேனர் செட்டில் ஆளுக்கு ஒன்று, ஜாக்கியில் ஆளுக்கு ஒன்று என்று எடுத்து வைத்துக்கொண்டே வந்து, அப்பாவின் பிரஷர் டெஸ்ட் பெட்டியைத் திறந்தார். ஒரு அறையில் கேஜ், இன்னொரு அறையில் வால்வு வைத்த குழாய்கள். "இதோ, இதுவும் ரெண்டா இருக்குது" என்று கேஜைப் பெரியவனிடமும் குழாய்களைச் சின்னவனிடமும் நீட்டினார். ஒன்றில்லாமல் மற்றது எதற்கும் ஆகாது என்று அண்ணனுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். அவன் சொல்லட்டும் என்று இவர் இருந்தார். இவர் சொல்லட்டும் என்று அவன் இருந்தான். இருவரும் வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து ஆம்பூரில் ஸ்டியரிங் பிரஷர் பார்க்க வேண்டிய வண்டியெல்லாம் வேலூருக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிரிந்ததற்குக் காரணம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. சாமுவேலுக்கு ஒரு பழக்கம். யார் முடுக்கிய நட்டையும் அவர் மறுபடி ஒரு தடவை முடுக்கிப் பார்ப்பார். தம்பி முடுக்கியதையும் பார்ப்பார். ஒரு நாள், கஸ்டமர்கள் நாலு பேர் நிற்கும்போது, பிரேம்நாத்தின் கையிலிருந்தே ஸ்பேனரை வாங்கி அவன் முடித்த சக்கரத்தை முதலிலிருந்து முடுக்கினார். பிரேம்நாத் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். அவனுக்கு அப்போது நாற்பது வயது.

"தம்பிகிட்ட கேளேன்பா. ரோட்டுக்கு அந்தாண்டதானே இருக்கான்" என்றார் முக்தார்.

"நான் கேக்க மாட்டேன் பாய்."

"நீ கேக்காத. வண்டி என்னுது, நான் கேக்கறேன்" என்று ஹைவேயைத் தாண்டிப் போனவர், கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். "குழாய்ங்கள கைல குடுத்து அனுப்ப மாட்டானாம். அவனே எடுத்துனு வந்து மாட்டி, அவனே கழட்டி எடுத்துனு போவானாம். நாளைக்கு சர்ச் முடிஞ்சி, சாப்ட்டு வர்றானாம். அதுக்குள்ள நீ எல்லாம் ரெடி பண்ணி வெக்கணுமாம். நல்ல பேஜார் புடிச்ச குடும்பம்யா உங்களுது!"

சாமுவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேஜைத் தேடப் போனார். அலமாரியின் மேல்தட்டில் அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வெகுநேரம் தேடினார்.

ஞாயிறு காலை வேலையைத் தொடங்கினார். பிரஷர் டெஸ்டுக்கு வண்டியைத் தயார் செய்வது அவசரத்தில் ஆகிற காரியம் இல்லை. ஒன்றை விட்டாலும் கேஜ் பொய் சொல்லும். அப்பா சொல்லித்தந்த வரிசை அவர் விரல்களிலேயே இருந்தது.

முதலில் ஷெட்டைப் பெருக்கினார். அது வரிசையில் இல்லாத வேலை. பிறகு உள்ளே கிடந்த இன்னொரு ஸ்டூலை எடுத்துத் துடைத்து வெளியே போட்டார். போட்டுவிட்டு, ஏதோ கல்யாணத்துக்கு வரவேற்கிற மாதிரி இருக்கிறதே என்று கூச்சமாகிப்போய், மறுபடி உள்ளே வைத்தார்.

முன் டயர்களில் காற்றைப் பார்த்தார். இடது பக்கம் கம்மியாக இருந்தது, ஏற்றினார். ஸ்டியரிங் எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறந்து விளக்கடித்தார். எண்ணெய் கோட்டுக்குக் கீழே இருந்தது. சிறு நுரையும் கட்டியிருந்தது. உள்ளே காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம். எண்ணெய் ஊற்றி, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இஞ்சினை ஓட்டாமல் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்பினார். இறங்கி வந்து டப்பாவைப் பார்த்தார். குமிழ்கள் வந்து உடைந்தன. மறுபடி ஏறித் திருப்பினார். மறுபடி இறங்கிப் பார்த்தார்.

இது இரண்டு ஆள் வேலை. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து திருப்ப வேண்டும், மற்றவர் டப்பாவைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் பிரேம்நாத் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பஸ் கண்டக்டர் மாதிரி, "ரைட், ரைட், வாணியம்பாடி எல்லாம் எறங்கு" என்று கத்துவான். இப்போது ஏறுவதும் இறங்குவதும் ஆளில்லாத ஷெட்டில் சாமுவேலின் செருப்புச் சத்தமாக மட்டும் கேட்டது. குமிழ் நின்றபோது அவருக்கு முழங்கால் வலி எடுத்துவிட்டது.

பெல்ட்டைக் கடைசியாகத்தான் தொட்டார். பம்பைச் சுற்றும் பெல்ட். "போன மாசம்தான் மாத்துனது, புதுசு" என்று முக்தார் சொல்லியிருந்ததால் அதன்மேல் அவருக்குச் சந்தேகம் இல்லை. வரிசைக்காகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பெல்ட் பள்ளம் விழுந்த மாதிரி உள்ளே போனது.

புது பெல்ட் கொஞ்ச நாள் ஓடினால் நீண்டுகொடுக்கும். மாட்டியவர்கள் திரும்ப இழுத்துக் கட்டவில்லை. போல்ட்டைத் தளர்த்தி, பம்பை வெளிப்பக்கமாக நெம்பி, பெல்ட் விறைப்பாக நின்றதும் முடுக்கினார். பிறகு வழக்கம்போல் ஒரு தடவை மறுபடி முடுக்கிப் பார்த்தார்.

இனி எண்ணெயைச் சூடாக்க வேண்டும். சூடான எண்ணெயில்தான் பிரஷர் பார்க்க வேண்டும். ஜாக்கியை இறக்கி, இஞ்சினை ஓடவிட்டு, சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கினார். இடது கோடி, வலது கோடி. இடது கோடி, வலது கோடி. கொஞ்ச நேரத்தில் டப்பாவைத் தொட முடியாத அளவுக்குச் சூடு ஏறிவிட்டது. இந்தச் சூட்டில்தான் வண்டி மக்கர் செய்யும் என்று முக்தார் சொல்லியிருந்தார். கம்பெனி கேட்டில் வளைப்பது போலவே, ஷெட் வாசலில் வண்டியை ஊர்ந்து போகவிட்டு முழுக்க வளைத்தார்.

ஸ்டியரிங் வெண்ணெயாகத் திரும்பியது.

மறுபடி வளைத்தார். இரண்டே விரலால் வளைத்தார். எந்த இறுக்கமும் இல்லை. வழுக்கிக்கொண்டிருந்த பெல்ட்தான் பத்து நாளாக வண்டியைப் படுத்தியிருக்கிறது. பம்பும் நன்றாக இருக்கிறது, பாக்ஸும் நன்றாக இருக்கிறது. டெஸ்டே தேவையில்லை.

சாமுவேல் வண்டியைப் பழையபடி உள்ளே விட்டு, இஞ்சினை நிறுத்திவிட்டு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு வண்டி சரியாகிவிட்டதற்காக வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வருத்தப்பட்டார். வண்டி சரியாகிவிட்டது என்றால் குழாய்கள் வேண்டாம். குழாய்கள் வேண்டாம் என்றால் பிரேம்நாத் வரவேண்டியதில்லை.

போன் அடித்தது. முக்தார்தான். வாலாஜாபேட்டையில் ஏதோ நிக்காஹ்வுக்குப் போயிருந்தார்; பின்னால் பாத்திரச் சத்தமும் பேச்சுச் சத்தமுமாக இருந்தது.

"இன்னா சாமு, எதுனா தெரிஞ்சுதா?"

சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. பெல்ட்டு, பாய். அவர் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, "உன் தம்பிகிட்ட வேணாம்னு சொல்லிடறேன்" என்பார். அத்தோடு முடிந்தது.

"இன்னும் இல்ல பாய்" என்றார் சாமுவேல். "தம்பி வரணும்."

"வருவான், வருவான். சண்ட போட்டுக்காதீங்கப்பா, என் வண்டி கண்ணாடி புதுசு."

போனை வைத்தபின் தன் குரலே அவருக்கு அன்னியமாக இருந்தது. நாலு வருஷத்தில் 'தம்பி' என்ற வார்த்தையை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

பொய் சொல்லியாகிவிட்டது. இனி அந்தப் பொய்க்கு ஏற்ற மாதிரி வண்டி நிற்க வேண்டும். சாமுவேல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பானெட் முன்னால் வந்து நின்றார். ரோட்டைப் பார்த்தார். யாரும் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு போல்ட்டைக்கூட இறுக்காமல் விட்டு அவர் தூங்கப் போனதில்லை. இப்போது, நன்றாக இறுகியிருந்த போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு எதிர்ப்பக்கம் திருப்பினார். பம்பை உள்ளே தள்ளினார். பெல்ட் தொங்கியதும் அப்படியே முடுக்கிவிட்டார். ரோட்டையே பார்த்துக்கொண்டு முடுக்கியதில் ஸ்பேனர் நழுவி விரலைக் கிழித்தது. கழுவக்கூடத் தோன்றாமல் பானெட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார்.

இரண்டாவது ஆராதனை முடிந்து ஆட்கள் பைக்குகளில் போனார்கள். பிரேம்நாத்தின் ஷெட் ரோட்டுக்கு அந்தப் பக்கம், நடுவில் இருக்கும் அரளிச் செடிகளுக்குப் பின்னால் பாதி தெரியும். ஷட்டர் மூடியே இருந்தது. சாமுவேல் உள்ளே போய் எண்ணெய் டப்பாவைத் தொட்டுப் பார்த்தார். ஆறியிருந்தது. வண்டியில் ஏறி, இஞ்சினைப் போட்டு, மறுபடி இடது கோடி, வலது கோடி. இப்போது பெல்ட் கீச்சிட்டது. ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு வந்தது. தோளால் தள்ளித் திருப்பினார். சூடாக்கிவிட்டு இறங்கி வாசலுக்கு வந்தார். ஷட்டர் மூடியே இருந்தது. வராமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தார். பெல்ட்டை இழுத்துக் கட்டி முக்தாரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேறென்ன. எண்ணெய் மறுபடி ஆறியது. மறுபடி ஏறினார்.

மூன்றாவது தடவை சூடாக்கிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரிந்தது. கையில் ஜவுளிக்கடைப் பையோடு, லாரி ஒன்று போகட்டும் என்று ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தான் பிரேம்நாத். சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையையே போட்டிருந்தான். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு வழுக்கை விழுந்தது இவ்வளவு நாளாகத் தனக்குத் தெரியவில்லையே என்று சாமுவேலுக்கு இருந்தது.

உள்ளே வந்தவன் அண்ணா என்று கூப்பிடவில்லை. வண்டியைப் பார்த்துத்தான் பேசினான்.

"சூடாச்சா?"

"ஆச்சி."

"டயரு?"

"பாத்துட்டேன்."

"காத்து எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. நுரை இல்ல."

"பெல்ட்டு?"

சாமுவேல் விரலில் காய்ந்திருந்த ரத்தத்தைத் தேய்த்தார். "புதுசாம். பாய் சொன்னாரு."

பிரேம்நாத் பானெட்டுக்குள் குனிந்து கட்டைவிரலால் அழுத்தினான். பெல்ட் உள்ளே போனது. அவன் விரலை எடுக்கவில்லை. மற்றொரு கையால் போன் விளக்கைப் போட்டு, பம்பைத் தாங்கும் தகட்டைப் பார்த்தான். அந்தத் தகட்டில் போல்ட் நகர்வதற்கு ஒரு நீளத் துவாரம் உண்டு. துவாரத்தின் கோடியில், போல்ட் இறுகி உட்கார்ந்திருந்த இடம், அழுக்கு நீங்கி வட்டமாகப் பளபளத்தது. போல்ட் இப்போது அந்த இடத்தில் இல்லை. வேறு இடத்தில் இருந்தது. ஸ்பேனர் பட்ட தடமும் புதிது. இறுக்கிய பெல்ட்டை இன்றைக்குத்தான் யாரோ திரும்பத் தளர்த்தியிருக்கிறார்கள் என்று மெக்கானிக்காக இருக்கிற எவனும் அதில் படித்துவிடுவான்.

சாமுவேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவான், அல்லது சிரிப்பான், அல்லது பையை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

பிரேம்நாத் விளக்கை அணைத்தான். பையைப் பிரித்து, துணியில் சுற்றியிருந்த குழாய்களை எடுத்தான். "கேஜ குடு" என்றான்.

இருவரும் சேர்ந்து மாட்டினார்கள். பம்பிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, நடுவில் வால்வையும் கேஜையும் கோத்தார்கள். கேஜின் மரையில் பிரேம்நாத்தின் குழாய் ஏறி உட்கார்ந்தபோது இருவருமே கொஞ்சம் தயங்கினார்கள். பிறகு இஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, புதிதாகப் புகுந்த காற்றை வெளியேற்றி, எண்ணெய் ஒழுகவில்லை என்று பார்த்துக்கொண்டதும் பிரேம்நாத் கேட்காமலே சீட்டில் ஏறி உட்கார்ந்தான். சாமுவேல் வால்வைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார்.

ஸ்டியரிங் கோடிக்குப் போனது. பெல்ட் கீச்சிட, முள் பாதி ஏறி நடுங்கியது.

"எவ்ளோ?"

"பாதிக்கு மேல ஏறல."

"வால்வ மூடிப் பாரு."

வால்வை மூடினால் எண்ணெய் போக வழியில்லாமல் பம்ப் தன் முழு பலத்தையும் காட்டும். ஒரு மூச்சு நேரம்தான் மூடலாம். அதற்குமேல் மூடி வைத்தால் பம்ப் வெந்துபோகும். சாமுவேல் மூடினார். பெல்ட் அலறியது. அவர் முள்ளைப் பார்க்க வேண்டும். ஆனால் பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவிலிருந்த சந்தில் தம்பியின் கைகள் தெரிந்தன. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பிடித்திருந்தான். அப்பாவும் அப்படித்தான் பிடிப்பார். சாமுவேல் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ணா! வால்வு! தொறணா, பம்ப் போய்டும்!"

திடுக்கிட்டுத் திறந்தார். கருகல் வாசனை வந்தது. பிரேம்நாத் இஞ்சினை நிறுத்தினான். வெளியே ஒரு பஸ் பெங்களூர் பக்கம் போனது.

பிரேம்நாத் இறங்கி வந்து கையை நீட்டினான். "ஸ்பேனர் குடு."

வெள்ளைச் சட்டையோடு குனிந்து, போல்ட்டைத் தளர்த்தி, பம்பை நெம்பி, பெல்ட்டை விறைப்பாக்கி முடுக்கினான். நிதானமாகத்தான் செய்தான். முடித்ததும் ஸ்பேனரைப் போல்ட்டின் தலையிலேயே விட்டுவிட்டு ஒதுங்கி நின்றான்.

"பாத்துக்கோ" என்றான்.

சாமுவேலின் கை தானாக எழுந்தது. ஒரு கால் சுற்று. சும்மா ஒரு தடவை. கைக்குப் பழக்கம். எழுந்த கையை அவர் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"வேணாம். சரியாத்தான் இருக்கும்."

பிரேம்நாத் அவர் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தான். பிறகு ஸ்பேனரை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டுச் சீட்டில் ஏறினான். இந்த முறை முள் தடங்கலில்லாமல் ஏறி நின்றது. வால்வை மூடிப் பார்த்தபோதும் ஏறியது, திறந்து கோடிவரை வளைத்தபோதும் அதே இடத்துக்கு ஏறியது. பம்ப், பாக்ஸ் இரண்டும் சுத்தம். இருவருக்கும் முன்பே தெரிந்த சங்கதிதான்.

பிரேம்நாத் தன் குழாய்களைக் கழற்றி, வண்டியின் குழாயைப் பழையபடி மாட்டினான். தன் குழாய்களில் இருந்த எண்ணெயை வடித்து, துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தான். டீ வாங்கி வரட்டுமா என்று கேட்க சாமுவேல் வாயெடுத்தார். ஞாயிறு மத்தியானம் டீக்கடை மூடியிருக்கும் என்று ஞாபகம் வந்தது. ஸ்டூலைக்கூட வெளியே போடவில்லை. "சட்டையில கறை ஆயிடுச்சி" என்றார்.

"துவைச்சா போய்டும்."

வாசல்வரை போனவன் நின்றான். திரும்பாமலே சொன்னான்: "பெல்ட்டெல்லாம் லூஸ் பண்ணின்னு இருக்காத. போன் இருக்குது இல்ல?"

அரளிச் செடிகளுக்கு நடுவே அவன் தாண்டிப் போவதைச் சாமுவேல் பார்த்தார். இரண்டு கண்டெய்னர் லாரிகள் குறுக்கே போயின. அவை போன பிறகு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

வெயில் தாழ்ந்ததும் முக்தார் அத்தர் வாசனையோடு வந்து இறங்கினார். "இன்னாப்பா? பம்பா, பாக்ஸா?"

"பெல்ட்டு, பாய்."

"பெல்ட்டா! பெல்ட்டுக்கா என் வண்டிய நாள் பூரா நிறுத்தி வெச்சிருந்த? அதுக்கு ஒரு டெஸ்டு, ரெண்டு மெக்கானிக்கு!"

"ஆமா பாய்."

முக்தார் சீட்டில் ஏறி ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு ஜன்னல் வழியாகக் குனிந்து, "நல்லா முடுக்கிட்ட இல்ல? காலைல பொம்பளைங்கள ஏத்தினு போறேன்" என்றார்.

"தம்பிதான் முடுக்கினான்."

"சரி, நீ ஒரு தடவ முடுக்கிப் பாத்திருப்ப இல்ல?"

"இல்ல பாய்."

முக்தார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார். வேன் சர்வீஸ் ரோட்டில் ஊர்ந்து போய்ப் பாலத்தடியில் முழுக்க வளைந்து திரும்பியது. சாமுவேல் வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கீச்சொலி எதுவும் வரவில்லை. வேன் போனபின்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.